துணையும் தனிவழியும்

கொன்றை வேந்தனை இளமையில் மனப்பாடம் செய்தவர்களுக்கு ஔவையார் இட்ட கட்டளை ஒன்று நினைவிருக்கும். நெடுந்தூரம் போக நேர்ந்தால் துணையில்லாமல் போகக்கூடாது என்பது அதன் கருத்து. அதை ஓதிய நம்முடைய பெரியவர்கள் அப்படியே நடந்தும் காட்டினார்கள். வண்டி கட்டிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போனாலும் பத்துப் பேர் சேர்ந்தே போனார்கள். இன்று நான் உங்களிடம் பேச வந்திருப்பதோ அந்தக் கட்டளைக்கு நேர் மாறானதாகத் தோன்றக்கூடிய ஒரு செய்தியைப் பற்றி. ஒரு சைக்கிளையும் ஒரு கூடாரத்தையும் எடுத்துக்கொண்டு, கன்னியாகுமரியிலிருந்து வடக்கு நோக்கி, ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் தனியே சென்ற பிரயாணம் அது. ஔவையாரை மறுப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. துணை என்ற அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அந்த வழியில்தான் கற்றேன். அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நான் பூகோள ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் இந்தியாவின் படத்தை வரைந்திருக்கிறேன். குமரிமுனையில் சுண்ணாம்புக் கட்டியை வைத்து, கையை எடுக்காமல் காஷ்மீர் வரை போய்த் திரும்பி வர எனக்கு ஒரு நிமிஷம் போதும். மாணவர்கள் வியப்பார்கள். ஆனால் அந்த ஒரு நிமிஷக் கோடு உண்மையில் எவ்வளவு நீளம் என்பதை என் கால்கள் அறியா. ரயிலில் போயிருக்கிறேன், ஆனால் தூங்கிக்கொண்டு போனவனுக்குத் தூரம் எப்படித் தெரியும்? ஆகவே, ஓய்வு பெற்றதை அடுத்து வந்த தை மாதத்தில், நாட்டின் அளவை உடம்பால் அறிந்து வருவது என்று தீர்மானித்தேன்.

நான் தேர்ந்தெடுத்த பாதை, 44 என்ற எண் கொண்ட தேசிய நெடுஞ்சாலை. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் இதுவே நம் நாட்டின் மிக நீண்ட தேசிய நெடுஞ்சாலை. 2010-ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் கொடுத்தபோது, பல பழைய சாலைகளைச் சேர்த்து இந்த ஒரே எண்ணைச் சூட்டினார்கள். இதில் குமரியிலிருந்து மராட்டிய மாநிலத்திலுள்ள ஹிங்கன்காட் என்ற ஊர் வரை போவது என் திட்டம். அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்லுகிறேன்.

பிரயாணம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், சக்கரம் சுழலும்போது என்று சொல்வீர்கள். தனியே போகிறவனுக்கு அது இரண்டு மாதம் முன்பே, வீட்டுக் கூடத்தில் தொடங்கிவிடுகிறது. கொண்டுபோக வேண்டுமென்று தோன்றிய எல்லாவற்றையும் கூடத்துத் தரையில் பரப்பி வைத்தேன். எடை போட்டால் முப்பது கிலோவுக்கு மேல் இருந்தது. அதில் பாதியைக் கழிப்பதுதான் முதல் பயிற்சி. எதைக் கழிப்பது என்பதை யோசித்துத் தெரிந்துகொள்ள முடியாது. செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து ஊர் நண்பரின் தோப்பில் இரண்டு இரவு கூடாரமடித்துத் தங்கினேன். அந்த இரண்டு நாளிலும் கை படாத பொருள்களை, மருந்துப் பெட்டியும் பழுது பார்க்கும் கருவிகளும் நீங்கலாக, வீட்டிலேயே விட்டேன். மிஞ்சியது பதினாறு கிலோ. இரண்டு கிலோ எடையுள்ள கூடாரம், ஒரு பாய், ஒரு போர்வை, சிறிய அடுப்பு, ஒரு பாத்திரம், ஐந்து லிட்டர் தண்ணீர் கொள்ளும் பைகள், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான்கள், மாற்று டியூப், விளக்கு, கைபேசி, அடையாள அட்டை, மாற்றுடை இரண்டு. அவ்வளவுதான்.

கூடாரத்தை இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, அடிக்கவும் பிரிக்கவும் பழகிக்கொண்டேன். எந்தக் கம்பு எந்தத் துளையில் போகும் என்பது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மழையும் காற்றும் வரும்போது விளக்கைப் பிடித்து உதவ இன்னொருவர் இல்லை அல்லவா? இருவர் போகும்போது ஒருவருக்குத் தெரிந்தால் போதும். தனியே போகிறவனுக்கோ எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டுவதும், சங்கிலியைக் கழற்றி மாட்டுவதும், பிரேக்கைச் சரிசெய்வதும் தெரு முனையிலிருந்த சைக்கிள் கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவை. அந்தக் கடைக்காரர் என்னிடம் படித்தவர். குருவும் சீடனும் இடம் மாறியது இருவருக்கும் மகிழ்ச்சியாகவே இருந்தது.

இந்த ஆயத்தத்தைப் பற்றி நினைக்கும்போது எனக்கு டெர்வ்லா மர்ஃபி என்ற அயர்லாந்துப் பெண்மணியின் நினைவு வருகிறது. 1941-இல் அவருடைய பத்தாவது பிறந்தநாளுக்குப் பழைய சைக்கிள் ஒன்றும் பூகோளப் படப் புத்தகம் ஒன்றும் பரிசாகக் கிடைத்தன. அடுத்த சில நாட்களிலேயே, இந்தியாவுக்குச் சைக்கிளில் போவது என்று அந்தச் சிறுமி முடிவு செய்துவிட்டாள். ஆனால் தாயார் நோயாளி. பதினான்கு வயதில் பள்ளியை விட்டுத் தாயாரைக் கவனிக்கத் தொடங்கிய அவர், தாயார் மறைந்த பிறகு, 1963 ஜனவரியில், கடுங்குளிரில் தனியே புறப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் டில்லி வந்து சேர்ந்தார். புறப்படும் முன்பே உதிரி டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு அனுப்பி வைத்திருந்தார் என்பதைப் படித்தபோது, துணிச்சல் என்பதில் பெரும் பங்கு முன்யோசனைதான் என்று கண்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவரின் கனவு கெடாமல் இருந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பெண்ணுக்குத் தனிவழி ஆகாது என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கேட்கும் மாணவிகள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

என் தாயாருக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. அறுபது வயதான மகன் தாயிடம் உத்தரவு கேட்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். நான் கேட்டேன். "துணைக்கு யாரப்பா வருகிறார்கள்?" என்றார். ஒருவரும் இல்லை என்றேன். வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "தினமும் விளக்கு வைப்பதற்கு முன்னால் எனக்குப் பேச வேண்டும். ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டும். இன்னார் இடத்தில் படுக்கப் போகிறேன் என்று ஆள் பேரையும் சொல்ல வேண்டும்." ஊரின் பெயர் மட்டும் போதாது, ஆளின் பெயரும் வேண்டும் என்று அவர் கேட்டதன் ஆழம் அப்போது எனக்கு முழுதும் விளங்கவில்லை. அந்த ஒரு நிபந்தனையே என் பிரயாணத்தின் சட்டமாயிற்று. விளக்கு வைப்பதற்கு முன் ஒரு மனிதரின் பெயரைச் சொல்ல வேண்டுமானால், நான்கரை மணிக்கே சைக்கிளை விட்டு இறங்கி, ஒரு மனிதரைத் தேடி, அவரிடம் வணக்கம் சொல்லி, பெயரைக் கேட்டு, இடம் கேட்டுப் பெற வேண்டும். ஊருக்கு வெளியே ஒளிந்து கிடக்க வழியே இல்லை.

தை முதல் வாரத்தில் ஒரு நாள் விடியலில் குமரிமுனையிலிருந்து புறப்பட்டேன். வடகிழக்கிலிருந்து வந்த காற்று எதிரே நின்றது. காவல்கிணறு அருகே பெரிய காற்றாலைகளின் கைகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். சூரியன் எழுந்த பிறகே சாலையில் ஏறுவது, பதினொரு மணிக்கு நிழலில் ஒதுங்குவது, மூன்று மணிக்கு மீண்டும் புறப்படுவது, இருட்டிய பின் ஒரு முழம்கூடப் போகாதது என்பவை என் விதிகள். பெருவண்டிகள் ஓடும் சாலையில் சைக்கிள்காரனுக்கு உரியது இடது ஓரத்தில் ஓர் அடி அகலம். அந்த ஓர் அடியைப் பற்றிக்கொண்டு போனால் நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர் போகலாம்.

இந்தச் சாலைக்குப் பழைய வரலாறு உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் மதுரைக்கும் குமரிக்கும் சாலை அமைத்து, வழிப்போக்கர்களுக்குச் சத்திரங்கள் கட்டினார் என்று சொல்கிறோம். தென்பாண்டிச் சீமையில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. இப்படிப்பட்ட பழைய சாலைகளின் ஓரத்தில் சில இடங்களில் சுமைதாங்கிக் கல்லைக் காணலாம். இரண்டு கற்கள் நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நாட்டுவது வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போனவளுக்காகப் பிறர் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம்.

அந்தக் கல் ஏன் ஆள் உயரத்துக்கு இருக்கிறது என்று என்றாவது யோசித்திருக்கிறீர்களா? தலையிலுள்ள பாரத்தைத் தரையில் இறக்க இன்னொருவர் கை வேண்டும். மறுபடி தூக்கி வைக்கவும் வேண்டும். இருவராகப் போகிறவர்களுக்குச் சுமைதாங்கி அவ்வளவு தேவையில்லை. தன்னந்தனியே வருகிறவன்தான் தலை உயரத்துக்கு ஒரு கல் இல்லாவிட்டால் திண்டாடிப்போவான். ஆகவே அந்தக் கல் தனியே போகிறவனை எண்ணி வைத்தது. முன்பின் அறியாத ஒருவன் துணையின்றி வருவான் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்த்தவர்கள் அதை நட்டார்கள். அப்படியொரு கல்லில் சைக்கிளைச் சாய்த்து நின்றபோது, நான் தனியே வரவில்லை என்ற எண்ணம் முதல்முறையாக எனக்கு உண்டாயிற்று.

இனிக் கூடாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதி இருக்கக் கூடாரம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். பணம் மிச்சம் என்பது ஒரு பதில். பூகோளக்காரனுக்கு அதைவிடப் பெரிய பதில் இருக்கிறது. கூடாரத்தில் படுப்பவன் மண்ணையும் வானத்தையும் ஒருங்கே படிக்கிறான்.

மண்ணைப் படிப்பதற்கு முளைக்குச்சி ஒன்று போதும். கோவில்பட்டிக் கரிசலில், மழைக்காலத்து ஈரம் மிச்சமிருந்ததால், குச்சியைக் கையால் அழுத்தினாலே இறங்கியது. தருமபுரிப் பக்கத்தில் நான்கு விரற்கடைக்குக் கீழே பாறை. குச்சி வளைந்ததே தவிர இறங்கவில்லை. கயிற்றைக் கல்லில் சுற்றிக் கட்டினேன். அனந்தப்பூர்ச் சீமையிலும் தெலங்கானாவிலும் யானை படுத்ததுபோல் குண்டுப் பாறைகள். ஆதிலாபாத் தாண்டியதும் மீண்டும் கரிசல். ஆனால் இது எரிமலைக் குழம்பு இறுகிய பாறையிலிருந்து உண்டானது, பருத்திக்குப் பேர்போனது, வெயிலில் பிளந்து கிடப்பது. வகுப்பில் நான் வண்ணச் சுண்ணாம்பால் நிரப்பிக் காட்டிய மண் படத்தை முளைக்குச்சி எனக்கு ஒவ்வொரு மாலையும் எழுதிக் காட்டியது.

வானம் அதைவிட நல்ல ஆசிரியர். துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அத்தனை பாகையே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. இதை அளக்கக் கருவி வேண்டியதில்லை. கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் பத்துப் பாகை. குமரியில் துருவ நட்சத்திரம் எட்டுப் பாகை உயரத்தில், அதாவது ஒரு முஷ்டிக்கும் குறைவான உயரத்தில், அடிவானப் புகைக்குள் ஒளிந்திருக்கிறது. முதல் இரண்டு விடியலிலும் எனக்கு அது தென்படவில்லை. மூன்றாம் நாள், கோவில்பட்டிக்கு அப்பால் திறந்த கரிசல் வெளியில், விடியற்காலை நான்கு மணிக்குச் சப்தரிஷி மண்டலம் வடக்கே உயர நிற்க, அதன் இரண்டு மீன்கள் கீழ்நோக்கிக் காட்டிய இடத்தில், மங்கலாக ஒரு புள்ளியைக் கண்டேன். ஊருக்கு ஊர் அது ஏறிக்கொண்டே வந்தது. பெங்களூரில் பதின்மூன்று பாகை. ஹைதராபாத்தில் பதினேழுக்கு மேல். ஹிங்கன்காட்டில் இருபதரை, அதாவது முழுதாக இரண்டு முஷ்டி.

முன்னிரவில் தெற்கே திரும்பினால் இதற்கு எதிரான காட்சி. அகத்தியர் என்று நாம் அழைக்கும் பிரகாசமான நட்சத்திரம், குமரியில் உச்சத்துக்கு வரும்போது ஏறத்தாழ மூன்று முஷ்டி உயரம் நிற்கும். நான் வடக்கே போகப் போக அது சரிந்தது; ஹிங்கன்காட்டில் இரண்டு முஷ்டிக்கும் குறைவு. தென்திசைக்கு வந்த முனிவரின் பெயரைத் தென்வானத்து மீனுக்கு வைத்தவர்கள் பொருளறிந்தே வைத்தார்கள். இரவு அகத்தியரைப் பார்த்துவிட்டுப் படுப்பதும், விடியலில் துருவனைப் பார்த்துவிட்டு எழுவதும் என் வழக்கமாயிற்று. ஒருவர் இறங்க, ஒருவர் ஏற, நடுவில் நான் என் நாட்டின் அளவைக் கண்டேன்.

மாணவர்கள் ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். குமரிக்கும் ஹிங்கன்காட்டுக்கும் அட்சரேகை வித்தியாசம் பன்னிரண்டரைப் பாகை. சாலையின் வளைவுகளைக் கழித்துப் படத்தில் நேராக அளந்தால் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். பன்னிரண்டரைப் பாகைக்கு 1,400 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? நாற்பதாயிரத்துச் சொச்சம். அதுதான் பூமியின் சுற்றளவு. ஒரு படமும் ஒரு முஷ்டியும் கொண்டு ஒரு வயோதிகன் பூமியை அளந்துவிட்டான்.

எங்கே கூடாரம் அடிக்கலாம், எங்கே கூடாது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். வறண்ட ஆற்று மணல் மெத்தைபோல் இருக்கும். அங்கே படுக்கக்கூடாது, மேலே அணையைத் திறந்தால் நீர் சொல்லிக்கொண்டு வராது. தென்னை மரத்தடி ஆகாது. இடிமழை வரும் காலத்தில் வெட்டவெளியில் தனித்து நிற்கும் மரத்தடி ஆகாது. வனத்துறையின் காட்டில் அனுமதியின்றித் தங்குவது குற்றம், ஆபத்தும்கூட. நிர்மலைத் தாண்டியபின் வரும் மலையும் காடும் சூழ்ந்த பகுதியைப் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிட்டேன். கூடாரத்தின் வாயை எப்போதும் மூடி வைக்க வேண்டும். காலையில் செருப்பை உதறிவிட்டே அணிய வேண்டும். போகும்போது அந்த இடம் நாம் வருவதற்கு முன் இருந்ததுபோலவே இருக்க வேண்டும். அடுத்து ஒரு பிரயாணி வந்து இடம் கேட்கும்போது அவருக்குக் கிடைக்கும் பதில், நாம் விட்டுப்போன குப்பையைப் பொறுத்தது.

கோவில் மண்டபம், பள்ளிக்கூட வாசல், களத்துமேடு, பெட்ரோல் நிலையத்தின் பின்புறம், லாரிக்காரர்கள் உறங்கும் உணவுச்சாலை முற்றம் என்று இவை எல்லாவற்றிலும் இடம் கிடைத்தது. ஆனால் கேட்டதால்தான் கிடைத்தது. அதற்கு ஒரே ஒரு வாக்கியம் வேண்டும். தமிழில் "இங்கே படுக்கலாமா?" கன்னடத்தில் "இல்லி மலகபஹுதா?" தெலுங்கில் "இக்கட படுகோவச்சா?" மராட்டியில் "இதே ஜோப்பு கா?" நான்கு மொழியிலும் அதை ஓசை பிசகாமல் பழகி வைத்திருந்தேன். இந்த வாக்கியத்தில் ஒரு மந்திரம் இருக்கிறது. "இடம் வாடகைக்கு உண்டா?" என்று கேட்பவன் பணக்காரனாக நிற்கிறான். "இங்கே படுக்கலாமா?" என்று கேட்பவனோ களைத்த மனிதனாக நிற்கிறான். அவனுக்கு இல்லை என்று சொல்வது எளிதன்று.

எளிதன்று என்றேன், ஆனால் அச்சம் குறுக்கிட்டால் எளிதாகிவிடும். அனந்தப்பூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். மாலை ஐந்து மணிக்கு ஊர்க் கோடியில் இருந்த பெரியவரிடம் என் தெலுங்கு வாக்கியத்தைச் சொன்னேன். அவர் விடை சொல்வதற்குள் இளைஞர்கள் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். யார், எந்த ஊர், எதற்கு வந்தாய், பையில் என்ன என்று கேள்விகள் வந்தன. குரல்களில் கோபம் இருந்தது. அதற்குக் கீழே பயம் இருந்தது. 2018-ஆம் ஆண்டில் குழந்தைகளைக் கடத்துபவர்கள் வருகிறார்கள் என்று கைபேசியில் பரவிய வதந்தியால், நம் நாட்டின் பல மாநிலங்களில் ஒரு பாவமும் அறியாத வழிப்போக்கர்கள் அடித்துக் கொல்லப்பட்டது எனக்குத் தெரியும். அந்த வட்டத்தின் நடுவில் நின்றபோது அது நினைவுக்கு வந்தது. கை நடுங்காமல் இருக்கச் சைக்கிளின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன்.

நான் என் அடையாள அட்டையைக் கொடுத்தேன். அதை அவர்கள் புரட்டிப் பார்த்தார்கள், நம்பவில்லை. அட்டை யாரிடம்தான் இல்லை? அப்போது என் பையிலிருந்த கைபேசி மணி அடித்தது. விளக்கு வைக்கும் நேரம் நெருங்கியும் நான் பேசாததால் தாயாரே அழைத்துவிட்டார். "அம்மா" என்றேன். அந்தச் சொல் தெலுங்கிலும் அதேதான். கூட்டத்தின் ஓரத்திலிருந்த ஒரு வயதான அம்மாள் முன்னால் வந்து கையை நீட்டினார். கைபேசியைக் கொடுத்தேன். அவர் தெலுங்கில் கேட்டார். என் தாயார் தமிழில் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்குத் தெலுங்கு தெரியாது. ஆயினும் ஐந்து நிமிஷம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே பிறகு சரியாகச் சொல்லவில்லை. அந்த அம்மாள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இளைஞர்களைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார். வட்டம் கலைந்தது. என்னைச் சந்தேகித்தவர்களில் இருவர், அன்றிரவு தம் வீட்டுத் திண்ணையை ஒட்டி நான் கூடாரம் அடிக்கக் கயிறு பிடித்தார்கள். வேர்க்கடலைத் துவையலும் ராகிக் களியும் வந்தன. ஊரின் பெயரோடு ஆளின் பெயரும் வேண்டும் என்று தாயார் கேட்டது ஏன் என்று அன்றுதான் விளங்கியது. எனக்காகப் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்று அந்த ஊருக்குத் தெரிந்தது. என்னைப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார் என்று என் தாயாருக்குத் தெரிந்தது. இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் கட்டிய கயிற்றில்தான் தனிவழிப் பிரயாணி தொங்குகிறான்.

அதற்குப் பிறகு துங்கபத்திரை, கிருஷ்ணா, கோதாவரி, பெண்கங்கை என்று ஆறுகளை ஒவ்வொன்றாகக் கடந்தேன். முன்பே தாமிரபரணியும் வைகையும் காவிரியும் தென்பெண்ணையும் வடபெண்ணையும் பின்னால் போயிருந்தன. கரும்பலகையில் நீலச் சுண்ணாம்பால் நான் ஒரு விநாடியில் இழுத்த கோடுகள் அவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக நாட்கணக்கில் ஆயிற்று. ஒவ்வொரு பாலத்திலும் இறங்கி நின்று அம்மாவுக்குப் பெயர் சொன்னேன். மாவட்டத்தைத் தாண்டிப் போயறியாத அவர், சுவரிலிருந்த நாட்காட்டியில் தேதிக்குக் கீழே ஊரையும் ஆற்றையும் எழுதச் சொல்லிப் பேத்தியிடம் கொடுத்தாராம். முப்பத்திரண்டு வருஷத்தில் என்னிடம் பூகோளம் படித்தவர்களில் அவரைப்போல் அக்கறையோடு படித்தவர் ஒருவருமில்லை.

முப்பத்தோராம் நாள் ஹிங்கன்காட் சேர்ந்தேன். அந்த ஊரைத் தேர்ந்ததன் காரணத்தைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். குமரி முனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை, 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டி, பூமியின் வளைவை அளந்த பணி அது. நான் வந்த சாலையும் பெரும்பாலும் அந்த ரேகையின் அருகிலேயே வடக்கு நோக்கிப் போகிறது. அரை டன் எடையுள்ள கோணமானியைக் குன்றிலிருந்து குன்றுக்குத் தூக்கிப்போய், கூடாரத்திலேயே வாழ்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அளந்தார் அவர். 1823-இல், ஹைதராபாத்திலிருந்து நாகபுரிக்குப் போகும் வழியில், ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறை அங்கே இருக்கிறது. எஞ்சிய பணியை எவரெஸ்ட் என்பவர் முடித்தார்.

பெயர் பொறித்த கல்லறை லாம்டனுக்கு உண்டு. அந்தக் கோணமானியைத் தோளில் சுமந்தவர்கள், கொடி பிடித்து நின்றவர்கள், காட்டுக் காய்ச்சலில் மடிந்தவர்கள் எத்தனையோ பேர் நம் நாட்டவர். அவர்களுக்குக் கல் இல்லை. அரசாங்கத்தின் ஆணையும் ஆள்படையும் கூட வந்த அந்தப் பெரும் பயணத்தையும், ஒரு வாக்கியத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வந்த என் சிறு பயணத்தையும் ஒப்பிட நான் துணியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. தனியாக அளந்தவர் என்று உலகில் ஒருவரும் இல்லை. அவரைச் சுமந்தவர்கள் இருந்தார்கள். என்னைச் சுமந்தவர்களும் இருந்தார்கள். அவர்களின் பெயர்களை என் தாயாரின் நாட்காட்டி வைத்திருக்கிறது. முப்பது இரவுக்கு முப்பது பெயர்.

மாணவ நண்பர்களே! நீங்கள் நாளையே சைக்கிளை எடுத்துக்கொண்டு குமரிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலில் ஓர் இரவு உங்கள் வீட்டு மொட்டை மாடியில் படுத்து, விடியலில் எழுந்து, துருவ நட்சத்திரத்தை முஷ்டியால் அளந்து பாருங்கள். பிறகு ஆசிரியரோடும் நண்பர்களோடும் சேர்ந்து பக்கத்துக் குன்றுக்குப் போய் ஒரு நாள் கூடாரத்தில் தங்குங்கள். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அண்டை மாநில மொழிகளில் ஒவ்வொரு வாக்கியமாவது பழகுங்கள். உரிய வயது வந்து, வீட்டார் அறிய, தனியே புறப்படும் நாள் உங்களுக்கும் வரலாம். அப்போது மாலைதோறும் யாருக்கு ஊர்ப் பெயர் சொல்வது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, பிறகு பையைக் கட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதற்குப் பிரயாணமே வேண்டியதில்லை. என்றாவது ஒரு மாலையில், உங்கள் ஊர்க் கோடியில், புழுதி படிந்த ஒருவர் வந்து நின்று, உங்களுக்குப் புரியாத மொழியில் ஏதோ கேட்கலாம். வட்டமாகச் சூழ்ந்துகொள்பவர்களில் ஒருவராக இருக்காதீர்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, பெயரைக் கேளுங்கள். நெடுவழிக்குத் துணை வேண்டும் என்று ஔவையார் சொன்னது போகிறவனுக்கு மட்டும் சொன்னதாக நான் இப்போது நினைப்பதில்லை.